அடுத்த வருஷம் பாத்துக்கலாம்

டேக் போகும்போது ஏசியை நிறுத்திவிடுவார்கள், இல்லாவிட்டால் அதன் உறுமல் மைக்கில் விழும், ஆகவே சாலிகிராமத்தில் மூன்றாவது மாடியில், சுவரெல்லாம் ஸ்பாஞ்ச் ஒட்டி ஜன்னலே இல்லாத இந்தப் பெட்டிக்குள், மே மாதத்து மத்தியானத்தில் நான் வேர்த்து வழிந்துகொண்டு நிற்கிறேன், எதிரே திரையில் கண்ணுக்கெட்டிய தூரம் பனி. ஜாக்கெட் முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஹெட்போனுக்குள் காது வெந்துபோயிருக்கிறது. திரையில் ஒரு பெங்குவின், உயரமான சாதி, கழுத்தில் மஞ்சள் பூசினமாதிரி ஒரு தீற்றல், அது என் பக்கம் திரும்பி வாயைத் திறக்கிறது, அதற்கு நான்தான் குரல். இருபது வருஷமாக எனக்கு அம்மா வேஷம்தான். சீரியலில் மருமகளிடம் தோற்கிற அம்மா, தெலுங்குப் படத்தில் மகனை வெட்டாதே என்று கும்பிடுகிற அம்மா, விளம்பரத்தில் கை கழுவச் சொல்கிற அம்மா, இப்போது பெங்குவின் அம்மா. "அம்மான்னா பிரிஸ்காதான்யா" என்று குணசீலன் சார் எல்லோரிடமும் சொல்லுவார். இங்கிலீஷில் எடுத்த இந்தப் பெங்குவின் டாக்குமெண்டரிக்குத் தமிழில் வசனம் எழுதி டப்பிங்கை நடத்துகிறவர் அவர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஏசி ஓடுகிற அறையில், சர்க்கரை போடாத டீயை ஊதிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் சவுண்ட் இன்ஜினியர் பக்ருதீன், கை பட்டன் மேல். "அக்கா, அடுத்த லூப். ரெடியா?" ரெடி. காலையிலிருந்து ரெடிதான். லூப் என்பது ஒரு தடவையில் பேசி முடிக்கிற படத்துண்டு, காலையில் எடுத்ததெல்லாம் ஒரே டேக்கில் ஓகே. "யோவ் பன்னீரு, புள்ளைய காலுக்கடியில வெச்சுக்க, கீழ போட்ட, நான் வந்து உன்னை ஃப்ரை பண்ணிடுவேன். நான் மீன் மார்க்கெட் போயிட்டு வரேன்." பன்னீர் என்பது அப்பா பெங்குவின். நான் பேபிம்மா. குஞ்சு என்று எழுதினால் சேனலில் இருக்கிற பையன்கள் சிரிக்கிறார்கள் என்று குணசீலன் சார் குட்டி என்று போட்டிருக்கிறார். ஒரு பறவைக்கு அதன் பிள்ளையின் பெயரைக்கூட ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. அப்போது நானும் சிரித்தேன். பேபிம்மா இடுப்பை ஆட்டிக்கொண்டு பனியில் நடந்து போனபோது, எங்கள் ஊரில் மீன்கூடை தூக்கிக்கொண்டு போகிற ஒருத்தியின் நடை மாதிரியே இருந்தது, அந்த நடைக்கேற்ற குரலைக் கொடுத்தேன், பக்ருதீன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான்.

இது வேறு லூப். பேபிம்மா கடலில் இருக்கும்போது பனி உடைகிறது. ஹெட்போனில் இங்கிலீஷ்காரர் குரலைத் தாழ்த்திச் சொல்கிறார், நிதானமாக, சாவு வீட்டில் பேசுகிறமாதிரி: கடலின் மேல் உறைந்திருக்கிற இந்தப் பனிதான் இவர்களின் வீடு, பிள்ளைகளுக்கு நீச்சலுக்கான இறகு முளைக்கும்வரை அது தாங்க வேண்டும், இந்த முறை தாங்கவில்லை, கீழே கடல் சூடாகிவிட்டது, காலத்துக்கு முன்னாலேயே உடைகிறது. அவர் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்கிறார். அப்புறம் சத்தம் மட்டும். வெள்ளைத் தரையில் ஒரு கோடு விழுகிறது, கோடு கறுக்கிறது, கறுப்பு அகலமாகிறது. சாம்பல் நிறப் பஞ்சு உருண்டைகளாக அந்தக் குஞ்சுகள், ஆம் குஞ்சுகள், ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு ஓரத்துக்கு வருகின்றன, ஓரம் சாய்கிறது. உடம்பு முழுக்கப் பஞ்சு. பஞ்சு தண்ணீரில் விழுந்தால் என்ன ஆகும் என்று எவருக்காவது பாடம் நடத்த வேண்டுமா? நனைந்து, கனத்து, தலையை மட்டும் தூக்கி, அப்புறம் தலையும் இல்லை. அந்த இடத்தில் நம் தமிழ் டிராக்கில், நேற்றுக் குழந்தைக் குரல் கொடுக்கிற ஆர்ட்டிஸ்ட் வந்து பேசிவிட்டுப் போனது ஓடுகிறது: "ஐ! ஸ்விம்மிங் பூல்! டேய் தள்ளுடா, நான்தான் ஃபர்ஸ்ட்டு!" தொபுக் என்று ஒரு கார்ட்டூன் சத்தமும் சேர்த்திருக்கிறார்கள். பிறகு என் இடம். பேபிம்மா வயிறு நிறைய மீனோடு கடலிலிருந்து எம்பிக் குதித்துப் பனிமேல் விழுந்து எழுந்து நிற்கிறாள். கழுத்தை நீட்டிக் கூப்பிடுகிறாள். நிற்கிறாள், காது கொடுக்கிறாள். மறுபடி கூப்பிடுகிறாள். ஆயிரம் பிள்ளைகளுக்கு நடுவில் தன் பிள்ளையைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்கும் என்று இங்கிலீஷ்காரர் முன்னாலேயே சொல்லியிருந்தார், முகமெல்லாம் ஒரே மாதிரி, குரல்தான் அடையாளம். என் கையில் இருக்கிற தாளில் அவள் பேச வேண்டியது: "ஹலோ! யாராச்சும் இருக்கீங்களா? எல்லாரும் டூர் போயிட்டாங்களா? சரி விடு, எல்லாம் இயற்கையோட விளையாட்டு! அடுத்த வருஷம் பாத்துக்கலாம்!"

"டேக்" என்றான் பக்ருதீன். நான் ஹலோ என்றேன். அதற்கு மேல் வரவில்லை. இருமல் வந்தமாதிரி இருமினேன். "ஸாரி, இன்னொண்ணு." தண்ணீர் குடித்தேன், பாட்டிலில் தண்ணீர் வெந்நீராக இருந்தது. என்ன இது, நான் தொழில்காரி. எவன் எவனோ எழுதிய அசிங்கத்தையெல்லாம் பேசியிருக்கிறேன். பேசு, ஓகே வாங்கு, கீழே போய் இளநீர் குடி. பாத்துக்கலாம். பாத்துக்கலாமாம். எதைப் பார்த்துக்கொள்வாள்? எதன் மேல் நின்று பார்த்துக்கொள்வாள்? கடல் சூடாகிவிட்டது என்று அந்த மனுஷன் எவ்வளவு மெதுவாகச் சொன்னார். எங்கள் ஊரில் யாரும் அதை மெதுவாகச் சொல்லவில்லை. குளச்சலுக்கு மேற்கே, கடலும் ரோடும் தென்னையும் நெருக்கியடிக்கிற அந்தக் கரையில், என் அண்ணன் கிளீட்டஸ் வலையைத் தூக்கி மணலில் எறிந்துவிட்டுக் கத்தினான், "வெள்ளம் சூடாயிக் கெடக்குது, சாளையும் இல்ல ஒரு மயிரும் இல்ல, எல்லாம் எங்கயோ ஓடியாச்சு." எங்கள் ஊரில் தண்ணீரை வெள்ளம் என்போம். சாளை எங்களுக்குச் சோறு மாதிரி. மற்ற ஊரில் மத்தி என்பார்கள். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து கரையெல்லாம் வெள்ளியாகக் கொட்டிக் கிடந்த மீன், தின்னமாட்டாமல் தென்னைக்கு உரமாகப் போட்ட மீன், அது கிடைக்கவில்லை. மீனுக்கு என்ன, செதில் இருக்கிறது, வால் இருக்கிறது, தண்ணீர் சூடானால் குளிர்ந்த இடம் பார்த்துப் போய்விடும். அதன் பின்னால் இவனும் போனான். அப்பா காலையில் போய் மத்தியானம் திரும்பிய கடல் அது. இவன் பெரிய போட்டில் சேர்ந்து நாள்கணக்கில் போக வேண்டியதாயிற்று, கரை தெரியாத தூரத்துக்கு, போன் எடுக்காத தூரத்துக்கு. கடைசியாக நான் இங்கிருந்து போன் பண்ணியபோது, "எடி, நீ டிவியில அழுததைப் பார்த்தேன், நல்லாத்தான் அழுத" என்றான். அன்றைக்கு ஏதோ சீரியலில் ஓர் அம்மா.

"டேக் டூ." ஹலோ, யாராச்சும் இருக்கீங்களா. இந்த முறை அதுவரை வந்தது. எல்லாரும் டூர். டூர் என்கிற இடத்தில் குரல் தட்டையாகிவிட்டது, எனக்கே தெரிந்தது. டாக்பேக்கில், என் ஹெட்போனுக்குள், குணசீலன் சார் குரல் வந்தது, "பிரிஸ்கா, என்னம்மா, டல்லா இருக்கு? பேபிம்மா ஒரு வெகுளி. அவளுக்குச் சோகமே கிடையாது. நல்லா ஜாலியா விடு பாக்கலாம்." சோகமே கிடையாதாம். திரையில் அவளை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், வாய் திறந்தபடி, நாக்குத் தெரிகிறது, நாக்கில் முள்மாதிரி என்னவோ இருக்கிறது. நல்ல மனுஷன்தான் இவர். எனக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது ஆறு வாரம் என் பாத்திரத்தை வேறு யாருக்கும் கொடுக்காமல் காத்திருந்தவர். அதுதான் எரிச்சலாக இருக்கிறது. கெட்டவனாக இருந்தால் முகத்தில் துப்பிவிட்டுப் போகலாம். கெட்டவன் என்று ஒருத்தன் எங்கும் கையில் கிடைப்பதில்லை. கிளீட்டஸ் நடுக்கடலில் இருந்தபோது வந்த அந்தப் புயல் ஒரே ராத்திரியில் பெருத்தது. சூடான கடல் புயலுக்குத் தீனி என்று பிற்பாடு போனில் எதையோ தேடப்போய்ப் படித்தேன், தண்ணீர் சூடாக இருந்தால் அது மடமடவென்று வளருமாம். வளர்ந்தது. கரையில் கூரை ஓடுகளைப் பிய்த்தது, தென்னைகளை முறித்தது, கடலில் என்ன செய்தது என்று பார்த்தவன் ஒருத்தனும் திரும்பவில்லை. பஸ் இல்லாமல் நான் ஊர் போய்ச் சேர்ந்தபோது, கடலரிப்பைத் தடுக்கக் கொட்டி வைத்த பாறைமேல் பெண்கள் வரிசையாக நின்றார்கள், எல்லோரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு. என் அம்மாவும் அங்கே. ஒரு சேனல் பையன் மைக்கை நீட்டினான், உங்களுக்கு இப்போ எப்படி இருக்கும்மா என்றான். அன்று ராத்திரி அதை ஒளிபரப்பினார்கள். வயலின் போட்டு, ஒரு கனத்த ஆண் குரல், எனக்குத் தெரிந்த குரல்தான், என்னோடு பத்துப் படம் பேசியவர், இயற்கையின் சீற்றம் என்று உருட்டினார், இயற்கைத் தாயின் கோரத் தாண்டவம் என்றார். யார் இந்தத் தாய்? எந்த வீட்டுக்காரி? கரி எரிப்பது அவளா, புகை விடுவது அவளா, கடலைக் காய்ச்சினது அவளா? ஒரு பைக்கைக்கூடக் கண்ணால் பார்க்காத பறவை அது. என் அண்ணனிடம் ஒரு சைக்கிள் இருந்தது. எவன் எவனோ அனுபவித்ததற்கு இவர்கள் தண்ணீரில் போவார்கள், கடைசியில் ஒரு பொம்பளை பெயரைச் சொல்லிப் பழியைக் கட்டிவிட்டு எல்லோரும் சாப்பிடப் போய்விடலாம். சீற்றம் என்றாலும் அவள்தான், விளையாட்டு என்றாலும் அவள்தான். எங்களுக்குச் சீற்றம், பெங்குவினுக்கு விளையாட்டு. இயற்கையோட விளையாட்டு. இயற்கையோட. என் கையில் தாள் நனைந்து மை கலங்கியிருக்கிறது. மார்பு அடித்துக்கொள்கிறது, இந்த மைக் அதைக்கூடப் பிடித்துவிடும் போலிருக்கிறது. எனக்குக் கோபம் வந்தால் அழுகை வரும், அதனாலேயே யாரும் என் கோபத்தைக் கோபமாக எடுத்துக்கொண்டதில்லை, பாவம் என்பார்கள். நான் பாவமில்லை. எனக்கு இந்தக் கண்ணாடியை உடைக்க வேண்டும்.

"ஏசியப் போட்டு அஞ்சு நிமிஷம் ரெஸ்ட் எடுக்கிறீங்களா அக்கா?" என்று பக்ருதீன் கேட்டான். வேண்டாம் என்றேன், போட்டுவிடு. இங்கிலீஷ் ஓடியது. கோடு விழுந்தது. ஸ்விம்மிங் பூல், தொபுக். அவள் எம்பி வந்து விழுந்தாள், எழுந்தாள், கழுத்தை நீட்டினாள். நான் தாளைக் கீழே போட்டேன். தாளில் இல்லாதது வந்தது, சென்னை வந்த பிறகு எவரிடமும் பேசாத பேச்சு, வாய்ப்புத் தேடிய நாளில் எல்லோரும் சிரித்தார்கள் என்று நாக்கிலிருந்து சுரண்டி எறிந்த பேச்சு, பெற்ற ஒற்றைப் பிள்ளையையும் மக்களே என்று கூப்பிடுகிற எங்கள் ஊர்ப் பேச்சு, பாறைமேல் நின்று என் அம்மா மூன்று நாள் கத்திக் கத்திக் குரல் போனபிறகும் உதட்டால் சொல்லிக்கொண்டிருந்தது. "மக்களே… எங்க நிக்க மக்களே? ஒரு சத்தம் குடு." திரையில் பேபிம்மா வாயை மூடிக் காது கொடுத்தாள், நானும் நிறுத்தினேன். அவள் வாய் திறந்தாள். "நான் வந்திட்டேன் மக்களே. தீனி கொண்டாந்திருக்கேன். சத்தம் குடு, நான் வாறேன்." அவள் இரண்டடி நடந்து, உடைந்த விளிம்பில் நின்று தண்ணீரைக் குனிந்து பார்த்தாள். நான் மூச்சு மட்டும் விட்டேன். படம் நின்றது. வாயசைவும் குரலும் சேர்கிற அந்த சிங்க் அவ்வளவு சரியாக என் வாழ்நாளில் உட்கார்ந்ததில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பக்ருதீன் கட்டைவிரலைத் தூக்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டான். குணசீலன் சார் டீ கிளாஸைக் கீழே வைத்தார். எழுந்தார். கனமான கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார், உள்ளே வந்த உடனேயே அவருக்கு வேர்த்துவிட்டது.

"நல்லா இருந்துச்சும்மா" என்றார். திரையைப் பார்த்தார். "ஆனா போட முடியாது." ஏன் சார் என்றேன். "ஏன்னு உனக்குத் தெரியாதா? சாயங்காலம் ஆறு மணி ஸ்லாட்டு. குழந்தைங்க பாக்கறது." "குழந்தைங்க பாக்கறதுலதான் சார் குழந்தைங்க சாவுது." அவர் கண்ணை மூடித் திறந்தார். "பிரிஸ்கா, நான் என்ன கல்லா? முதல்ல நான் இங்கிலீஷ்ல இருக்கிறபடியேதான் எழுதினேன். கடல் சூடாயிடுச்சு, பனி உடைஞ்சிடுச்சு, எல்லாம் எழுதி அனுப்பினேன். பாடம் எடுக்காதீங்க, காமெடி பண்ணுங்கன்னு சேனல்காரன் திருப்பி அனுப்பினான். ரெண்டாவது தடவை அந்தச் சாவை விட்டுட்டு எழுதினேன், அதுவும் டல்லா இருக்குன்னான். மூணாவதுதான் இது. இதைப் படிச்சுட்டு, சூப்பர் சார், எங்க வீட்ல எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சோம்னு போன் பண்றான். நான் என்ன பண்ண?" "பேசாம விட்டுடலாமே சார். அந்த இடத்துல யாரும் பேச வேண்டாம். அது கத்தற சத்தத்தை மட்டும் விடுங்க. சும்மா விட்டாப் போதும்." "சும்மா விட்டா பாக்கறவன் சேனல் மாத்திடுவான்ம்மா." "மாத்தட்டும் சார்! மாத்திட்டு எங்க போவான்?" என் குரல் அந்த ஸ்பாஞ்ச் சுவரில் போய் அப்படியே அமுங்கியது. அறையை அதற்காகத்தான் கட்டியிருக்கிறார்கள், எவ்வளவு கத்தினாலும் திரும்பி வராது. "என் அண்ணன் போனப்போ டிவிக்காரன் என் அம்மா கத்தறதையாவது அப்படியே போட்டான் சார். மேல வயலின் போட்டான், ஆனா கத்தல் இருந்துச்சு. இதுக்கு அதுவும் இல்லையா? அது வாயிலயே டூர் போயிட்டாங்களான்னு சொல்ல வைக்கணுமா?" கிளீட்டஸைப் பற்றி இவரிடம் நான் பேசியதே இல்லை. அவருக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. அப்புறம் முகம் மாறியது. என் தோளைத் தொட வந்த கையைப் பாதியில் இழுத்துக்கொண்டார். நான் எதிர்பார்த்தது, இந்தத் தகவலைக் கேட்டதும் ஏதோ ஒன்று உடைந்து, அவர் அந்தத் தாளைக் கிழிப்பார் என்று. இருபது வருஷம் சீரியலில் பேசினால் அப்படித்தான் எதிர்பார்க்கத் தோன்றும். அவர் கிழிக்கவில்லை. கீழே கிடந்த தாளைக் குனிந்து எடுத்து, நனைந்த மூலையை நீவி, ஸ்டாண்டில் திருப்பி வைத்தார். "எனக்குத் தெரியாதும்மா, தெரிஞ்சிருந்தா உன்னை இதுக்குக் கூப்பிட்டிருக்க மாட்டேன்" என்றார். எல்லோரும் அப்படித்தான். செத்தவன் அண்ணன் என்றால் எனக்கு மட்டும் விலக்கு. மற்றபடி விளையாட்டு தொடரும். "நான் பேசமாட்டேன் சார் இதை." "சரி." "காலையில பேசினதையும் எடுத்துடுங்க." "அதெல்லாம் ஓகே ஆனதும்மா…" "எடுத்துடுங்க சார். அவ போகும்போது அவ்வளவு சிரிச்சுட்டுப் போனவ, வந்தப்புறம் என்ன ஆச்சுன்னு சொல்லாம, அந்தச் சிரிப்பு எதுக்கு?" அவர் பெருமூச்சு விட்டார். "நீ வீட்டுக்குப் போ. மேல் மாடியில சீரியல் டப்பிங்குக்கு நிவேதிதா வந்திருக்கா. அவளை வெச்சு முதல்லேர்ந்து எடுத்துக்கறேன்." அவ்வளவுதான். அவர் கோபப்படவும் இல்லை. பக்ருதீன் ஏசியைப் போட்டான், குளிர்காற்று தலைமேல் இறங்கியது, நான் வெளியே போகிற நேரம் பார்த்து.

படிக்கட்டில் அனல். ஒவ்வொரு மாடிக்கும் ஏசியின் பின்பக்கம் படிக்கட்டைப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள், உள்ளே இருக்கிறவர்களின் சூடெல்லாம் இங்கே வந்து கொட்டுகிறது. செருப்பு வாரை மாட்டக் குனிந்தவள் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். அம்மாவுக்குப் போன் பண்ணலாமா? என்ன சொல்ல? ஒரு பறவைக்காகச் சண்டை போட்டேன் என்றா? சண்டை என்றுகூடச் சொல்ல முடியாது, ஒரு வேலை போயிற்று, அந்த வேலையை வேறொருத்தி செய்யப் போகிறாள், ஆறு மணிக்குக் குழந்தைகள் சிரிக்கும், அங்கே அந்தக் கடல் யாருக்கும் காத்திராமல் சூடாகிக்கொண்டேயிருக்கும், இங்கேயும்தான். என் கோபத்தால் ஒரு துண்டுப் பனிகூட உறையப் போவதில்லை. ஆனாலும் அது ஆறவில்லை, ஆறக் கூடாது என்றும் இருந்தது. மேலிருந்து படபடவென்று காலடிச் சத்தம். நிவேதிதா. சின்னப் பெண், தொழிலுக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது, நல்ல குரல், எதைக் கொடுத்தாலும் பயந்து பயந்து பேசுவாள். துப்பட்டாவைக் கழுத்தில் சுற்றிக்கொண்டே இறங்கியவள் என்னைப் பார்த்து நின்றாள். "அக்கா, நீங்களா? குணா சார் அவசரமாக் கூப்பிட்டார். முழுசா ஒண்ணும் சொல்லலை. உங்க ரோலா அது? என்ன ரோல் அக்கா?" போய்ப் பேசாதே என்று வாய்வரை வந்தது. ஆனால் இவள் போகாவிட்டால் இன்னொருத்தி. எழுந்து நின்றேன். என் குரல் எனக்கே கேட்காத அளவுக்குத் தணிந்து போயிருந்தது.

"அம்மா" என்றேன். "கடலுக்குப் போயிட்டுத் திரும்பி வர்றா. பிள்ளை செத்துப் போச்சு."

அவள் முகம் சுருங்கியது. "காமெடின்னு சொன்னாங்களே அக்கா?"

"இல்ல" என்றேன்.